பிறக்காத பிள்ளையின் டிக்கெட் காசு

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, ஒரு டீ போட்டு வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

ஐரோப்பாவில் கால்பந்து வீரர்களை விலை பேசும் மாதம் வந்துவிட்டால் என் பழைய மாணவர்கள் யாராவது ஒருவர் போன் போட்டுவிடுவார். "சார், ஒரு ஆளுக்கு இத்தனை கோடியா? இந்த கிளப்புகளுக்கு இதெல்லாம் எப்படி சார் கட்டுப்படியாகுது?" என்று கேட்பார். நான் வேலை பார்த்தது கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரைப் பக்கம். அங்கே பையன்களுக்குக் கிரிக்கெட்டை விடக் கால்பந்துதான் உயிர். இடைநிலை ஆசிரியன் என்பதால் கணக்கும் நான்தான், சமூக அறிவியலும் நான்தான். இந்தக் கேள்விக்கும் அந்த இரண்டு பாடமும் சேர்ந்தால்தான் பதில் கிடைக்கும்.

நேரடியான பதில் இதுதான்: பல கிளப்புகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. கட்டுப்படியாகாமல் போனவர்களின் கதையில் மிக நல்ல பாடம் இங்கிலாந்தின் லீட்ஸ் யுனைடெட். அதன் வரலாற்றைச் சொல்கிறேன்.

லீட்ஸ் என்பது இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயரில் இருக்கும் பெரிய தொழில் நகரம். கம்பளித் துணி ஆலைகளால் வளர்ந்த ஊர். அங்கே முதலில் இருந்தது லீட்ஸ் சிட்டி என்ற கிளப். முதல் உலகப் போர்க் காலத்தில் வீரர்களுக்குச் சம்பளம் தரக்கூடாது, செலவுக் காசு மட்டும்தான் என்று விதி இருந்தது. லீட்ஸ் சிட்டி ரகசியமாகப் பணம் கொடுத்தது என்று புகார் எழுந்தது. கணக்குப் புத்தகங்களைக் கொண்டு வா என்றார்கள். கிளப் காட்ட மறுத்தது. 1919-இல், சீசன் தொடங்கி எட்டு ஆட்டம் முடிந்த நிலையில், லீக்கை விட்டே அந்தக் கிளப்பை வெளியேற்றினார்கள்.

அதன் பிறகு நடந்ததுதான் விசித்திரம். 1919 அக்டோபர் 17-ஆம் தேதி லீட்ஸ் நகரத்து மெட்ரோபோல் ஹோட்டலில் வீரர்களை ஏலம் விட்டார்கள். சந்தையில் மாடு பிடிப்பது போல மற்ற கிளப்புகள் வந்து உட்கார்ந்து விலை கேட்டன. 16 வீரர்களை 9 கிளப்புகள் வாங்கிக்கொண்டன. மொத்த விலை 9,250 பவுண்டு. அந்தச் சாம்பலில் முளைத்ததுதான் லீட்ஸ் யுனைடெட். வீரர்களுக்குப் பணம் கொடுத்த விவகாரத்தில் ஒரு கிளப் செத்து, அந்த இடத்தில் பிறந்த கிளப் இது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் வீரர் சம்பளம் கிளப்புகளை மூழ்கடிக்கிற அளவுக்குப் போகாது. காரணம், இங்கிலாந்தில் சம்பள உச்சவரம்பு இருந்தது. 1901-இல் வாரத்துக்கு 4 பவுண்டு என்று வைத்தார்கள். அறுபது ஆண்டுகள் கழித்தும் அது வாரத்துக்கு 20 பவுண்டுதான். மைதானத்தில் ஐம்பதாயிரம் பேர் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்க, ஆடுகிறவனுக்கு ஒரு தொழிலாளியின் கூலி. அது அநியாயம். வீரர்கள் வேலைநிறுத்தம் செய்வோம் என்று நின்ற பிறகு 1961 ஜனவரியில் உச்சவரம்பை எடுத்தார்கள். உடனே ஃபுல்ஹாம் கிளப் ஜானி ஹெய்ன்ஸுக்கு வாரம் 100 பவுண்டு கொடுத்தது. 1995 டிசம்பரில் வந்த போஸ்மன் தீர்ப்பு அடுத்த கதவைத் திறந்தது. ஒப்பந்தம் முடிந்த வீரர் விலையில்லாமலே வேறு கிளப்புக்குப் போகலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. வீரரைத் தக்கவைக்க வேண்டுமென்றால் சம்பளத்தை ஏற்றித்தான் ஆக வேண்டும்.

வீரர்களுக்கு நியாயம் கிடைத்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கிளப்பை நடத்துகிறவருக்கு இருந்த கைத்தடி போய்விட்டது. இனிமேல் அவரே தன் செலவுக்கு எல்லை போட வேண்டும்.

சரி, மறுபடியும் லீட்ஸுக்கு வருவோம்.

1992-இல் லீட்ஸ்தான் இங்கிலாந்தின் சாம்பியன். பிரீமியர் லீக் தொடங்குவதற்கு முந்தைய கடைசிச் சாம்பியன். 1997-இல் பீட்டர் ரிட்ஸ்டேல் என்பவர் தலைவரானார். சிறு வயதிலிருந்தே லீட்ஸ் ரசிகர். 1998-இல் டேவிட் ஓலியரி மேனேஜர். கைவசம் சொந்தப் பயிற்சிக்கூடத்தில் வளர்ந்த பையன்கள்: ஹாரி கியூவெல், ஜொனதன் வுட்கேட், ஆலன் ஸ்மித். 1999-2000 சீசனில் மூன்றாம் இடம். அதனால் சாம்பியன்ஸ் லீக்கில் ஆடும் தகுதி. பணம் கொட்டுகிற இடம் அது.

இங்கேதான் செலவு பறக்க ஆரம்பித்தது. 2000 நவம்பரில் ரியோ ஃபெர்டினாண்டை 1 கோடியே 80 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார்கள். அன்றைய தேதியில் பிரிட்டனிலேயே அதிக விலை. வெடுகா, டக்கூர், ராபி கீன் என்று வரிசையாக வந்தார்கள். 2001 மே மாதம் லீட்ஸ் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் நின்றது. முந்தைய சுற்றுகளில் பார்சிலோனா, மிலான், ரியல் மாட்ரிட் இருந்த பிரிவுகளைத் தாண்டி வந்த அணி அது. அரையிறுதியில் வலென்சியாவிடம் தோற்றது.

வெளியே பார்த்தால் ஊரே கொண்டாட்டம். இப்போது கணக்கைப் பார்ப்போம்.

ஒரு வீரரை வாங்கும்போது கிளப்பின் கணக்குப் புத்தகத்தில் அந்த விலை ஒரே ஆண்டில் செலவாக வராது. ஒப்பந்தம் எத்தனை ஆண்டோ அத்தனையாகப் பிரித்து எழுதுவார்கள். 1 கோடியே 80 லட்சம் பவுண்டு, ஐந்து ஆண்டு ஒப்பந்தம் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 36 லட்சம். பார்க்கச் சின்னதாகத் தெரியும். இது தவறான கணக்கு முறை இல்லை, சட்டப்படி சரியானது. ஆனால் இப்படி ஐந்தாறு பேரை வாங்கினால் அடுத்த ஐந்து ஆண்டுக்கு அந்தச் செலவு நிச்சயம். அவர்கள் சம்பளமும் நிச்சயம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று.

வருமானம்? அது நிச்சயம் இல்லை. மூன்றாம் இடமா ஐந்தாம் இடமா என்பதைப் பொறுத்தது. ஒரு கோல் கம்பத்தில் பட்டு வெளியே போவதைப் பொறுத்தது.

கரும்பலகையில் இரண்டு வரி எழுதிப் பாருங்கள். முதல் வரி: செலவு நிச்சயம். இரண்டாவது வரி: வரவு சந்தேகம். நம் ஊரில் மழையை நம்பிக் கடன் வாங்கிய எந்த விவசாயிக்கும் இந்த இரண்டு வரியின் அர்த்தம் புரியும்.

2001-இல் லீட்ஸ் 6 கோடி பவுண்டு கடன் வாங்கியது. அடமானம் என்ன தெரியுமா? மைதானத்துக்கு வரப்போகும் ரசிகர்களின் டிக்கெட் பணம். எத்தனை ஆண்டுக்கு? இருபத்தைந்து ஆண்டுக்கு! அதாவது 2001-இல் பிறந்த ஒரு குழந்தை வளர்ந்து, பள்ளி முடித்து, வேலைக்குப் போய், தன் சம்பளத்தில் டிக்கெட் வாங்கினாலும், அந்தக் காசு 2001-இல் ஆடிய வீரருக்காக வாங்கிய கடனுக்குப் போகும். இன்னும் பிறக்காத பிள்ளைகளின் டிக்கெட்டும் அதில் சேர்த்தி. கடன் கொடுத்தவர்களில் அமெரிக்க ஆசிரியர்களின் ஓய்வூதிய நிதியம் ஒன்றும் உண்டு. எங்கோ ஒரு ஊரில் என்னைப் போல ஒரு வாத்தியார் மாதாமாதம் பிடித்தம் செய்து சேர்த்த பணம், லீட்ஸின் கனவுக்குப் போயிருக்கிறது.

அதே 2001-இல் லீக் முடிவு என்ன? லிவர்பூல் 69 புள்ளி, மூன்றாம் இடம். லீட்ஸ் 68 புள்ளி, நான்காம் இடம். அந்த ஆண்டு இங்கிலாந்திலிருந்து முதல் மூன்று அணிக்குத்தான் சாம்பியன்ஸ் லீக். ஒரே ஒரு புள்ளியில் போயிற்று.

இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். வரவு குறைந்தது, செலவைக் குறைப்போம் என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் எதிர்மாறாகப் போனார்கள். அடுத்த ஆண்டு எப்படியும் உள்ளே போய்விடுவோம் என்று சேத் ஜான்சனை வாங்கினார்கள், லிவர்பூலிலிருந்து ராபி ஃபவுலரை வாங்கினார்கள். 2002-இல் ஐந்தாம் இடம். மறுபடியும் வாசலுக்கு வெளியே.

அதன் பிறகு விற்பனை. ஃபெர்டினாண்ட், லீட்ஸ் ரசிகர்களுக்கு ஆகவே ஆகாத மான்செஸ்டர் யுனைடெட்டுக்கே ஏறக்குறைய 3 கோடி பவுண்டுக்குப் போனார். லாபம்தான். ஆனால் கீனை 1 கோடியே 20 லட்சத்துக்கு வாங்கி 70 லட்சத்துக்கு விற்றார்கள். அவசரத்துக்கு விற்பவன் என்று தெரிந்தால் எந்தச் சந்தையிலும் விலை இறங்கும். ஃபவுலரை மான்செஸ்டர் சிட்டிக்குக் கொடுத்தபோது, அவர் சம்பளத்தில் ஒரு பங்கை லீட்ஸே தொடர்ந்து கட்ட வேண்டிய நிலை. மாட்டை விற்றுவிட்டு, வாங்கினவன் தொழுவத்தில் அதற்குத் தீவனமும் நாமே போடுவது போல.

2003 மார்ச்சில் ரிட்ஸ்டேல் விலகினார். புதிய தலைவர் கணக்கைத் திறந்து பார்த்தார். தலைவர் அறையில் வாடகைக்கு வைத்திருந்த தங்க மீன் தொட்டிக்கு மாதம் 20 பவுண்டு செலவு என்று செய்தி வெளியானது. இங்கிலாந்து முழுக்கச் சிரித்தார்கள். இன்றும் லீட்ஸ் என்றால் அந்த மீனைத்தான் சொல்வார்கள். எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடில்லை. அந்த ஆண்டு கிளப்பின் நஷ்டம் 4 கோடியே 95 லட்சம் பவுண்டு. கடன் சுமார் 8 கோடி. மீன் தொட்டி அதில் ஒரு தூசி. குடும்பம் கடனில் மூழ்கும்போது, "அவன் தினமும் டீக்கடைக்குப் போனான்" என்று பேசுவோமே தவிர, அவன் கையெழுத்துப் போட்ட பெரிய பத்திரத்தைப் பேச மாட்டோம். சின்னச் செலவு கண்ணுக்குத் தெரியும். பெரிய செலவு காகிதத்தில் ஒளிந்திருக்கும்.

2004 மே மாதம் லீட்ஸ் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது. ஆலன் ஸ்மித்தை விற்றார்கள். லீட்ஸிலேயே பிறந்து, அந்த கிளப்பின் ரசிகனாகவே வளர்ந்து, 16 வயதில் முதல் ஆட்டம் ஆடிய ஜேம்ஸ் மில்னரையும் 18 வயதில் விற்றார்கள். அந்தப் பையன் இருபது ஆண்டு தாண்டியும் மேல்மட்டத்தில் ஆடினான், வேறு ஊர்களுக்காக. பயிற்சி மைதானம் விற்பனை. கடைசியில் 1919 முதல் அவர்கள் ஆடிவந்த எல்லண்ட் ரோடு மைதானமும் விற்பனை. சொந்த வீட்டை விற்று அதே வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள்.

2007 மே மாதம் கிளப் கடன் தீர்க்க வழியில்லை என்று அறிவித்தது. 10 புள்ளி அபராதம். வரலாற்றில் முதல் முறையாக மூன்றாம் நிலை லீக்குக்கு இறங்கியது. அடுத்த சீசனை 15 புள்ளி கழிவோடு தொடங்கியது.

இந்தக் கதையில் என்னை அதிகம் உறுத்துவது இனிமேல்தான். இங்கிலாந்துக் கால்பந்தில் ஒரு விதி உண்டு. கிளப் நொடித்துப்போனால், வீரர்களுக்கும் மற்ற கிளப்புகளுக்கும் தர வேண்டிய பாக்கியை முழுதாகத் தர வேண்டும். மிச்சம் இருந்தால்தான் மற்றவர்களுக்கு. மற்றவர்கள் என்றால் யார்? வரித்துறை, பொருள் கொடுத்த கடைக்காரர், மராமத்து பார்த்த சின்ன கான்ட்ராக்டர். லீட்ஸில் இவர்களுக்கு முதலில் பேசப்பட்டது பவுண்டுக்கு ஒரு பென்ஸ். நூறு ரூபாய் வர வேண்டியவருக்கு ஒரு ரூபாய்! 2010-இல் போர்ட்ஸ்மத் கிளப் விழுந்தபோது, ஆட்ட நாளில் முதலுதவி செய்யும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் தொண்டு அமைப்பும் பாக்கிப் பட்டியலில் இருந்தது. அதற்கு இரண்டு ஆண்டுக்கு முன்புதான், 2008-இல், போர்ட்ஸ்மத் எஃப்.ஏ. கோப்பையை வென்றிருந்தது. கோப்பை ஒருவருக்கு, பாக்கி இன்னொருவருக்கு.

"சார், இங்கிலாந்துக்காரன் ஊதாரி. ஜெர்மன்காரன் இப்படிச் செய்வானா?" என்று சிலர் நினைக்கலாம். செய்தான். அதே ஆண்டுகளில், அதே தவறு.

டார்ட்மண்ட் என்ற ஊரின் போருசியா கிளப் 1997-இல் சாம்பியன்ஸ் லீக் வென்றது. 2000-இல் பங்குச் சந்தையில் இறங்கிப் பணம் திரட்டியது. ரோசிட்ஸ்கி, அமோரோசோ என்று பெரிய விலைக்கு வாங்கியது. 2002-இல் ஜெர்மன் சாம்பியன். 2003-இல் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் புரூஷ் அணியிடம் பெனால்டியில் தோற்றது. வரவேண்டிய பணம் வரவில்லை. மைதானம் ஏற்கெனவே ஒரு முதலீட்டு நிதியத்திடம் போயிருந்தது. 2004-இல் சம்பளம் போடவே தட்டுப்பாடு வந்தபோது, பரம எதிரியான பயர்ன் மியூனிக் 20 லட்சம் யூரோ கைமாற்றுக் கொடுத்தது. 2005 மார்ச் 14-ஆம் தேதி, டுசல்டார்ஃப் விமான நிலையத்தில் அந்த நிதியத்தின் முதலீட்டாளர்கள் கூடினார்கள். அவகாசம் தர மறுத்தால் கிளப் அன்றே முடிந்தது. அவர்கள் பெரும்பான்மையாக ஒப்புக்கொண்டார்கள்.

லீட்ஸுக்கும் டார்ட்மண்டுக்கும் வித்தியாசம் அதன் பிறகுதான். டார்ட்மண்ட் வீரர்கள் 20 சதவீதச் சம்பளக் குறைப்பை ஏற்றார்கள். மைதானத்தின் பெயரைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு விற்று, மைதானத்தை மீட்டார்கள். வெற்றிக்காகப் புதுக் கடன் வாங்குவதில்லை என்று புதிய நிர்வாகம் முடிவெடுத்தது. சாம்பியன்ஸ் லீக் பணம் வந்தால் வரட்டும், அதை நம்பிச் சம்பளம் பேசுவதில்லை. 2008-இல் யூர்கன் கிளாப் பயிற்சியாளராக வந்தார். இளைஞர்களை வைத்து அணி கட்டினார்கள். ஜப்பானிலிருந்து ககாவா என்ற வீரரை 3 லட்சத்து 50 ஆயிரம் யூரோவுக்கு வாங்கினார்கள். ஃபெர்டினாண்டின் விலையோடு ஒப்பிட்டால் இது சில்லறை. 2011, 2012 இரண்டு ஆண்டும் டார்ட்மண்ட்தான் சாம்பியன்.

லீட்ஸ் மேலே வர 2020 ஆயிற்று. பதினாறு ஆண்டு. அதற்கு முன் 2017-இல்தான் எல்லண்ட் ரோடை மறுபடி சொந்தமாக்கினார்கள். பதினாறு ஆண்டு காத்திருந்து மேலே ஏறிய அந்த 2020 ஜூலையில், கொரோனா காரணமாக மைதானத்தில் ரசிகர் ஒருவரும் இல்லை.

இந்த அனுபவங்களுக்குப் பிறகுதான் விதிகள் வந்தன. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் 2011 முதல் வரவுக்குள் செலவு என்ற விதியைக் கொண்டுவந்தது. 2022-இல் அதை மாற்றி, வீரர் சம்பளம், வாங்கிய விலையின் ஆண்டுப் பங்கு, ஏஜென்ட் கட்டணம் எல்லாம் சேர்ந்து வருமானத்தில் 70 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற இலக்கைப் படிப்படியாக வைத்தார்கள். பிரீமியர் லீக்கில் மூன்று ஆண்டில் 10 கோடியே 50 லட்சம் பவுண்டுக்கு மேல் நஷ்டம் காட்டினால் தண்டனை என்று விதி இருந்தது. 2023-24 சீசனில் எவர்ட்டனும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டும் அதனால் புள்ளிகளை இழந்தன. 2025-இல் பிரிட்டன் நாடாளுமன்றம் கால்பந்துக்குத் தனி ஒழுங்குமுறை அமைப்பை உருவாக்கும் சட்டத்தையே நிறைவேற்றியது. சொந்த மைதானத்தை விற்க வேண்டுமானால் இனி அந்த அமைப்பின் அனுமதி வேண்டும்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்த விதிகள் மேலே இருப்பவனை மேலேயே வைத்துவிடுகின்றன என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. வருமானம் பெரிதாக இருப்பவன் பெரிதாகச் செலவு செய்யலாம். சின்ன கிளப் துணிந்து செலவு செய்தால் அபராதம். அதில் உண்மை இருக்கிறது. செலவே செய்யாமல் உட்கார்ந்திருப்பவனும் மெல்ல இறங்கத்தான் செய்வான். ரிட்ஸ்டேலைத் திருடன் என்று யாரும் சொல்லவில்லை. அவர் ஊர் ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட ரசிகர். அந்த அரையிறுதி வரை போன இரண்டு ஆண்டுகளை இன்றும் கண் கலங்கப் பேசும் லீட்ஸ்காரர்கள் உண்டு.

ஆகவே, செலவு செய்யாதே என்பது பாடம் இல்லை. யாருடைய பணத்தைச் செலவு செய்கிறாய் என்பதுதான் பாடம். கையிலிருக்கும் பணத்தைப் பந்தயம் வைத்துத் தோற்றால், அந்த ஆண்டு தோற்றோம், அவ்வளவுதான். வரப்போகும் பணத்தைப் பந்தயம் வைத்துத் தோற்றால், அந்தப் பந்தயத்தைப் பற்றிக் கேள்வியே படாத ஒரு பிள்ளை அதைக் கட்டுகிறான். கிளப்பின் தலைவர் நாலைந்து ஆண்டில் போய்விடுவார். வீரர் அடுத்த கிளப்புக்குப் போய்விடுவார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தவன் மட்டும் அங்கேயே இருப்பான். கையெழுத்துப் போட்டபோது அவனை யாரும் கேட்கவில்லை.

இதைப் படிப்பவர்களில் சங்கம், கோயில் கமிட்டி, ஊர் விளையாட்டுக் கழகம், கூட்டுறவுச் சங்கம் என்று பொறுப்பில் இருப்பவர்கள் பலர் உண்டு என்று எனக்குத் தெரியும். உங்கள் பொதுக்கணக்கில் கடைசியாக வாங்கிய கடனை எடுத்துப் பாருங்கள். அதை எந்த வரவில் கட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள்? அந்த வரவு நிச்சயமா, ஆசையா?

உங்களுக்குத் தெரிந்த வேறு கிளப்புகளின் கதை இருந்தால் எழுதுங்கள், நானும் படித்துக்கொள்கிறேன்.